காய்ச்சலில் தோன்றி அமைதியில் வளரும் நோய்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் தானா ராத்தா. மலாய் மொழியில் இப்பெயருக்குச் சமநிலம் என்பது பொருள். 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பெற்ற காலம் முதல், இவ்வூரைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் தமிழ்த் தொழிலாளர் பல தலைமுறைகளாகக் கொழுந்து பறித்து வந்துள்ளனர். மழையும் மூடுபனியும் குளிரும் இங்கு நாள்தோறும் உள்ளவை. ஆகவே சளி, இருமல், காய்ச்சல் ஆகியவற்றை இம்மலைவாழ் மக்கள் பெரிதாகக் கருதுவதில்லை. ஒரு வாரம் படுத்து எழுந்தால் தீர்ந்துவிடும் என்பதே பட்டறிவு. அப்பட்டறிவு பெரும்பாலும் பிழையாவதும் இல்லை.

ஆயினும், வந்து போகும் காய்ச்சல்களைப் போலவே வந்து, அவற்றைப் போலவே மறைந்து, மறைந்த பின்னரும் உடலை விட்டு நீங்காத ஒன்று உண்டு. அதுவே எச்.ஐ.வி. என்னும் நச்சுயிரின் முதல் வருகை. காய்ச்சல் கண்டவரெல்லாம் இதனை எண்ணி அஞ்சவேண்டுவதில்லை. ஆனால் இந்நோயின் தொடக்கம் எத்தகையது, அது எவ்வாறு வளர்கிறது, எங்கே அதனைத் தடுத்து நிறுத்தலாம் என்பவற்றைக் கற்றோர் தெளிவாக அறிந்திருத்தல் வேண்டும். தெளிவில்லாத இடத்தில்தான் அச்சமும் பழிச்சொல்லும் குடிபுகுகின்றன.

இரு பெயர், இரு நிலை

எச்.ஐ.வி., எய்ட்சு என்னும் இரு பெயர்களையும் ஒரே பொருளில் வழங்குவோர் பலர். அவ்வழக்கு பிழையானது. எச்.ஐ.வி. என்பது நோயை விளைக்கும் நச்சுயிரின் பெயர். மனித நோயெதிர்ப்புக் குறைபாட்டு நச்சுயிர் என்பது அதன் விரிவு. எய்ட்சு என்பதோ, அந்நச்சுயிர் பல்லாண்டு உடலைத் தேய்த்த பின் தோன்றும் இறுதி நிலையின் பெயர். ஏமம் என்னும் பழஞ்சொல் காவலைக் குறிப்பதாதலின், எய்ட்சுக்கு ‘ஏமக்குறைவு நோய்’ என்னும் ஆக்கமும் தமிழில் உண்டு. காவல் குறைந்த நிலை என்பதனை அச்சொல் நன்கு விளக்குகிறது.

நச்சுயிர் உடலில் உள்ளவர் எல்லாரும் எய்ட்சு நோயாளர் அல்லர். உரிய காலத்தில் மருந்து உட்கொள்வோர் அந்நிலையை அடையாமலே முதுமை எய்தலாம். எனவே இவ்விரு சொற்களையும் வேறுபடுத்தி வழங்குவது சொல்லாராய்ச்சி அளவில் நிற்பதன்று. மனிதரின் வாழ்வைத் தொடுவது.

காவலரைத் தாக்கும் பகை

உடலுள் புகும் கிருமிகளை எதிர்ப்பன குருதியில் உள்ள வெள்ளணுக்கள். அவற்றுள் சி.டி.4 எனப்படும் ஒருவகை அணுக்கள், மற்றக் காவலணுக்களை ஏவி நடத்தும் தலைமைத் தொழிலைச் செய்கின்றன. நலமுள்ள ஒருவரின் குருதியில், ஒரு கன மில்லிமீட்டர் அளவில் இவ்வணுக்கள் 500 முதல் 1,500 வரை இருக்கும்.

பிற கிருமிகள் காவலர்க்கு அஞ்சி ஒளிய முயல்கையில், எச்.ஐ.வி. காவல் தலைவனின் வீட்டிற்குள்ளேயே நுழைகிறது. சி.டி.4 அணுவினுள் புகுந்ததும், அது தன் மரபுச் செய்தியை அவ்வணுவின் மரபுப் பொருளாகப் பெயர்த்தெழுதி அதனோடு பிணைத்துவிடுகிறது. பின்னர் அவ்வணு தன் தொழிலை மறந்து, புதிய நச்சுயிர்களை ஆக்கும் பட்டறையாகிறது. இறுதியில் தானும் அழிகிறது. சில அணுக்களில் இந்நச்சுயிர் எதுவும் செய்யாமல் நெடுங்காலம் உறங்குவதும் உண்டு. இன்றுள்ள மருந்துகளால் நோயை அடக்க முடிந்தும் முற்றாக வேரறுக்க இயலாமைக்கு இவ்வுறக்கமே காரணம்.

முதற் காய்ச்சல்

நச்சுயிர் உடலில் புகுந்த இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்கு முதற்குறிகள் தோன்றுகின்றன. காய்ச்சல், தொண்டை வலி, தலைவலி, தசையிலும் மூட்டுகளிலும் நோவு, மிகுந்த களைப்பு, இரவில் வியர்த்தல் ஆகியன அவை. கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டும். மார்பிலும் முகத்திலும் செந்நிறத் தடிப்புகள் தோன்றலாம். வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் சிலரிடம் காணப்படும். இவை சில நாள்களிலோ சில வாரங்களிலோ தாமாகவே நீங்கிவிடும். ஒரு குறியும் தோன்றாதவரும் உளர்.

இக்குறிகளுள் எச்.ஐ.வி.க்கே உரிய தனிக்குறி ஒன்றும் இல்லை. சளிக்காய்ச்சலிலும் டெங்கிக் காய்ச்சலிலும் வேறு பல தொற்றுகளிலும் இவற்றுட் பல உண்டு. ஆகவே குறிகளை மட்டும் கொண்டு ‘இஃது எச்.ஐ.வி.’ என்று துணிவதும் தவறு. ‘இஃது அன்று’ என்று துணிவதும் தவறு. நச்சுயிர் புகுவதற்குரிய சூழ்நிலை அண்மையில் நேர்ந்ததா என்பதே இங்கு எழவேண்டிய வினா. பாதுகாப்பற்ற உடலுறவு, பிறர் பயன்படுத்திய ஊசியால் மருந்தேற்றிக்கொள்ளுதல் ஆகியன அத்தகைய சூழ்நிலைகள். சோதிக்கப்படாத குருதியை ஏற்றுவதாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கும் இது பரவக்கூடும். உடன் உண்பதாலும், ஒரே கோப்பையில் தேநீர் அருந்துவதாலும், கைகுலுக்குவதாலும், கொசுக் கடியாலும் பரவுவதில்லை.

முதற் காய்ச்சலின்போது குருதியில் நச்சுயிரின் அளவு மிகப் பெரிதாக இருக்கும். எனவே ஒருவரிடமிருந்து மற்றொருவர்க்கு எளிதில் பரவும் காலமும் இதுவே. தமக்கு இத்தொற்று இருப்பதை எவரும் ஐயுறாத காலமும் இதுவே. நோயின் கொடுமை இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் உள்ளது.

அமைதிக் காலம்

காய்ச்சல் தணிந்தபின் உடல் பழைய நிலைக்குத் திரும்புகிறது. பசி எடுக்கும், உழைக்க வலிமை உண்டு, முகத்தில் வாட்டம் இராது. மருந்து உட்கொள்ளாத நிலையில் இவ்வமைதிக் காலம் சராசரி பத்தாண்டளவு நீள்கிறது. சிலர்க்கு இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவதும், வேறு சிலர்க்குப் பதினைந்தாண்டையும் கடப்பதும் உண்டு.

வெளியே அமைதி, உள்ளேயோ ஓயாத போர். நச்சுயிர்கள் நாள்தோறும் கோடிக்கணக்கில் பிறக்கின்றன. காவலணுக்கள் நாள்தோறும் அழிகின்றன. உடலும் இழந்தவற்றை ஈடுசெய்யப் புதியனவற்றை ஆக்குகிறது. ஆயினும் ஆக்கத்தை அழிவு சிறிது சிறிதாக முந்துகிறது.

தேயிலைத் தோட்டத்தார் நன்கறிந்த ஒன்றை இங்கு உவமை கூறலாம். வேரில் பூஞ்சை நோய் பற்றிய தேயிலைச் செடி, நெடுநாள் வரை பச்சையாகவே காட்சியளிக்கும். கொழுந்தும் விடும், கூடையும் நிறையும். மண்ணுக்குள் வேர் அழுகிக்கொண்டிருப்பது மேலிருந்து பார்ப்போர்க்குத் தெரியாது. இலை மஞ்சளித்து வாடும் நாளில்தான் நோய் வெளிப்படும். அதற்குள் வேரோடு வேர் உரசும் அண்டைச் செடிக்கும் அது பரவியிருக்கும். உவமை இவ்வளவில் நிற்க. நோயுற்ற செடியைப் பிடுங்கி எரிப்பர். மனிதர்க்கோ மருந்துண்டு, பிடுங்கி எறியத்தக்க மனிதர் எவரும் இல்லை.

சென்னையில் கிடைத்த சான்று

நலமாகத் தோன்றும் உடலிலும் இத்தொற்று இருக்கக்கூடும். தேடினால்தான் அகப்படும் என்பதற்கு இந்தியாவில் முதற் சான்று கிடைத்த இடம் சென்னை. அமெரிக்காவில் 1981ஆம் ஆண்டு சூன் மாதத்தில் எய்ட்சைப் பற்றிய முதற் செய்தி வெளிவந்தது. 1983இல் பாரிசு மாநகரின் பாசுடர் நிலையத்தார் அதற்குக் காரணமான நச்சுயிரைக் கண்டனர். அக்காலத்தில், இது மேலைநாட்டாருக்கே உரிய நோய் என்றும் இந்தியாவை அணுகாது என்றும் பலர் உறுதியாக நம்பினர்.

சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அங்ஙனம் நம்பி அமையவில்லை. பட்ட ஆய்வுக்குப் பொருள் தேடிய தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் இத்தேடலை ஒப்படைத்தார். நிர்மலா, மருத்துவமனைக்கு நோயாளராக வந்தவர்களைத் தேடிச் செல்லவில்லை. காவல் இல்லமொன்றில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழில் செய்த பெண்களிடமிருந்து குருதி மாதிரிகளைத் திரட்டினார். போதிய ஆய்வுக்கூட வசதி இல்லாமையால் அவற்றைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியிலேயே பாதுகாத்தார். 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அம்மாதிரிகளை வேலூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதித்தார். ஆறு மாதிரிகளில் தொற்று உண்டெனத் தெரிந்தது. அமெரிக்காவில் செய்த மறுசோதனையும் அதனை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு மே மாதத்தில், தமிழகச் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே இச்செய்தியைச் சட்டமன்றத்தில் அறிவித்தார். மலேசியாவில் முதல் தொற்று அறியப்பட்டதும் அதே 1986ஆம் ஆண்டில்தான்.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடம் ஒன்று. இந்தியாவில் இத்தொற்று நோய்க்குறி கண்டு அறியப்பட்டதன்று. குருதியைச் சோதித்து அறியப்பட்டது. எவரேனும் மெலிந்து இளைத்து வந்த பின் பார்ப்போம் என்று காத்திருந்தால், மேலும் பல ஆண்டுகள் அறியாமையில் கழிந்திருக்கும். சுனிதி சாலமன் 1993இல் ஒய்.ஆர்.ஜி. கேர் என்னும் மருத்துவ ஆய்வு நிலையத்தைச் சென்னையில் நிறுவினார், 2015இல் மறைந்தார். 2017இல் இந்திய அரசு அவர்க்குப் பத்மசிறீ விருதளித்துப் பெருமை செய்தது.

காவல் தளர்ந்த பின்

அமைதிக் காலத்தின் இறுதியில் சிறுசிறு குறிகள் தலைகாட்டுகின்றன. காரணமின்றி உடல் எடை பத்தில் ஒரு பங்கிற்கு மேல் குறைதல், ஒரு மாதத்திற்கு மேல் நீளும் காய்ச்சல், அவ்வாறே நீளும் வயிற்றுப்போக்கு, நாவிலும் வாயிலும் வெண்படலம் படர்தல், இளவயதிலேயே அக்கி தோன்றுதல், தோல் நோய்கள் மீண்டும் மீண்டும் வருதல் ஆகியன அவை. இவற்றுள் ஒவ்வொன்றும் பிற காரணங்களாலும் வரக்கூடும். ஆயினும் இவை தொடர்ந்து வருமானால் சோதனையைத் தள்ளிப்போடலாகாது.

சி.டி.4 அணுக்கள் 200க்குக் கீழே குறையும்போதும், நலமுள்ளோரை அணுகாத கொடிய நோய்கள் பற்றும்போதும் அந்நிலை எய்ட்சு எனப்படும். ஒருவகைப் பூஞ்சையால் நுரையீரல் அழற்சி வரும். வேறொரு பூஞ்சை மூளையுறையைத் தாக்கும். விழித்திரை கெட்டுப் பார்வை மங்கும். சிலவகைப் புற்றுநோய்களும் தோன்றும். எய்ட்சு ஒருவரை நேராகக் கொல்வதில்லை. கதவு திறந்து கிடக்கும் வீட்டில் கள்வர் புகுவது போல இந்நோய்கள் புகுந்து உயிரைக் கவர்கின்றன. இந்நிலையை அடைந்தும் மருந்து பெறாதோர் ஏறத்தாழ மூன்றாண்டுகளே வாழ்வர்.

இவ்வாறு புகுவனவற்றுள் தமிழர் வாழும் நாடுகளில் முதன்மையானது காசநோய். காசநோய்க் கிருமி உடலில் உறங்கிக் கிடப்போர் பலர். நலமுள்ளோருள் வாழ்நாள் முழுவதிலும் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரையே அது நோயாளராக்குகிறது. எச்.ஐ.வி. தொற்றுக்கு மருந்துண்ணாதவர்களிடமோ, ஓராண்டிலேயே ஏறத்தாழ அந்த அளவுக்கு அது விழித்தெழக்கூடும். சென்னைக்கு அருகே தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டில் டாக்டர் சவுரிமுத்து காசநோய்க்கென நிறுவிய மருத்துவமனை, பிற்காலத்தில் எச்.ஐ.வி. தொற்றுடையோர்க்குரிய பெரு மருத்துவமனைகளுள் ஒன்றாகவும் வளர்ந்தமைக்கு இவ்விரு நோய்களின் உறவே காரணம். நீடித்த இருமலைக் குளிரின் விளைவென்று தள்ளிவிடும் வழக்கம் உள்ள மலைநாட்டார் இதனைக் கருத்தில் கொள்ளுதல் நன்று.

சோதனையும் காலமும்

தொற்றை அறியும் வழி சோதனை ஒன்றே. அதற்கும் காலக்கணக்கு உண்டு. நச்சுயிர் புகுந்த மறுநாளே சோதனை அதனைக் காட்டாது. உடல் எதிர்ப்புப் பொருளை ஆக்கிய பின்பே அதனைத் தேடும் சோதனைகள் பயன்தரும். இதற்கு மூன்று முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். நச்சுயிரின் கூறையும் எதிர்ப்புப் பொருளையும் ஒருங்கே தேடும் புதிய சோதனைகள் 18 முதல் 45 நாள்களில் தொற்றைக் காட்டவல்லவை. எனவே முந்திச் செய்த சோதனையில் தொற்று இல்லையென்று வந்தாலும், மருத்துவர் குறிக்கும் நாளில் மீண்டும் சோதித்தல் வேண்டும்.

தொற்றுக்குரிய நிகழ்ச்சி நேர்ந்து 72 மணி நேரம் கடவாதிருப்பின், தடுப்பு மருந்தை உடனே தொடங்கி 28 நாள் உட்கொண்டால் நச்சுயிர் வேரூன்றாமல் தடுக்க இயலும். இங்கு நாணத்தால் இழக்கும் ஒவ்வொரு மணியும் இழப்பே.

மருந்து செய்த மாற்றம்

1987இல் முதல் மருந்து வந்தது. ஆனால் ஒரே மருந்தை நச்சுயிர் விரைவில் வென்றுவிட்டது. 1996 முதல் மூன்று மருந்துகளைச் சேர்த்தளிக்கும் முறை நிலைபெற்றது; அதன்பின் சாவுகள் வியக்கத்தக்க அளவிற்குக் குறைந்தன. எனினும் அம்மருந்துகளின் விலை ஏழை நாடுகளுக்கு எட்டாததாயிருந்தது. 2001இல் இந்தியாவின் சிப்லா நிறுவனம், ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஒரு டாலரினும் குறைந்த விலையில் கூட்டு மருந்தைத் தர முன்வந்தது. 2003இல் மலேசிய அரசு, காப்புரிமைச் சட்டத்தின்கண் உள்ள அரசுப் பயன்பாட்டு உரிமையைக் கையாண்டு அந்நிறுவனத்தின் மருந்துகளை இறக்குமதி செய்ய ஆணையிட்டது. 2004 ஏப்ரல் முதல் நாளன்று இந்தியாவில் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியது. அதன் முதல் நிலையங்களுள் தாம்பரமும் ஒன்று. மலேசிய அரசு மருத்துவமனைகளில் 2006 முதல் முதல்நிலை மருந்துகள் இலவசமாக வழங்கப்பெறுகின்றன.

தொற்று உறுதியானவுடன், சி.டி.4 அளவு எதுவாயினும் மருந்தைத் தொடங்குக என்று 2015இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அவ்வாறு தொடங்கி நாள் தவறாது உட்கொள்வோர், ஏனையோரைப் போலவே நெடுநாள் வாழலாம். மருந்தை நிறுத்தினால், உறங்கும் நச்சுயிர் சில வாரங்களிலேயே விழித்தெழும்.

மருந்தால் விளையும் நன்மை உண்பவரோடு நிற்பதில்லை. கணவன் மனைவி போன்ற 1,763 இணையரை ஒன்பது நாடுகளில் ஆராய்ந்த பெரிய ஆய்வொன்றின் முடிவு 2011இல் வெளிவந்தது. தொற்றுடையவர் முன்கூட்டியே மருந்துண்டால், துணைவர்க்குப் பரவுதல் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு குறைகிறது என்று அது காட்டியது. சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையமும் அதன் ஆய்வுக்களங்களுள் ஒன்று. குருதியில் காணமுடியாத அளவிற்கு நச்சுயிர் அடங்கிய நிலையில் தொடர்ந்து இருப்போர், உடலுறவால் அதனைப் பிறர்க்குப் பரப்புவதில்லை என்பது பின்வந்த ஆய்வுகளால் உறுதியாயிற்று. கருவுற்ற தாய்க்கு உரிய காலத்தில் மருந்தளித்தால் பிள்ளையையும் காக்கலாம். தாய்வழிப் பரவலை ஒழித்த நாடென்று மலேசியாவை 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. இலங்கை 2019இல் அச்சிறப்பைப் பெற்றது.

அறிந்தோர் கடமை

இவ்வளவு வழி திறந்திருந்தும், எய்ட்சு நிலையை அடைந்த பின்னரே மருத்துவமனைக்கு வருவோர் இன்றும் உளர். மருந்தின்மை அதற்குக் காரணமன்று. நாணமும் அச்சமுமே காரணம். எல்லாரும் எல்லாரையும் அறிந்த சிறு தோட்டங்களிலும் சிற்றூர்களிலும், ‘யார் பார்ப்பாரோ, என்ன சொல்வாரோ’ என்னும் எண்ணம் ஒருவரைச் சுகாதார நிலையத்தின் வாயிலிலிருந்தே திருப்பி அனுப்பிவிடும். அமைதிக் காலம் பத்தாண்டு நீள்வதால், திரும்பிச் சென்றவர்க்கு உடனே கேடொன்றும் தோன்றாது; அதனால் தாம் செய்தது சரியென்றே அவர் கருதிக்கொள்வார். நச்சுயிரின் அமைதியும் ஊராரின் பழிச்சொல்லும் இங்ஙனம் ஒன்றுக்கொன்று துணையாகி ஓர் உயிரைக் கொள்ளையிடுகின்றன.

‘உயிர்க்கொல்லி நோய்’ என்று நாளிதழ்களும் விளம்பரங்களும் இதனை ஒரு காலத்தில் பெயரிட்டழைத்தன. மருந்தில்லாத நாளில் அப்பெயர் பொருந்தியது. இன்று அது பொருந்தாததோடு தீங்கும் செய்கிறது. கொல்வது உறுதியென்றால் எவர்தாம் முன்வந்து சோதித்துக்கொள்வார்? மருந்தால் அடங்கும் நீடித்த தொற்று என்பதே இன்றைய மருத்துவம் காட்டும் உண்மை. சொல்லை ஆளத் தெரிந்தோர்க்கு, குறிப்பாகத் தமிழாசிரியர்க்கு, இவ்விடத்தில் தனிப்பொறுப்பு உண்டு. வகுப்பில் இந்நோயைப் பற்றிப் பேச நேரும்போது, ‘அவர் எப்படி வாங்கினார்’ என்னும் வினாவை முன்வைக்காது, ‘அவர் எங்கே சோதித்துக்கொள்ளலாம், எவ்வாறு நலமாக வாழலாம்’ என்னும் வினாக்களை மாணவர் மனத்தில் பதிய வைத்தல் வேண்டும். அவ்வாறு பயின்ற பிள்ளை ஒன்று, தன் வீட்டில் ஒருவர் தயங்கி நிற்கும் நாளில், அவரைச் சோதனைக்கு அழைத்துச் செல்லும் துணிவைப் பெறும்.